சிடுமூஞ்சி சொன்ன ஒரே நல்ல வார்த்தை

பதிப்பாளர் படிக்கப் படிக்க, பலூன்காரருக்கு நாற்காலி முள்ளாகிக்கொண்டிருந்தது.

"இதைக் கேளுங்க. 'கதை முழுவதும் இந்த ஆளை இழுத்து வைத்து ஒரு அறை விடலாமா என்று கை துறுதுறுத்தது. கடைசியில் மழையில் நனைந்து நிற்கும் அந்தப் பெண்ணிடம் அவன் உள்ள வாங்க என்று சொன்னானே, அங்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.' ஒரு நர்ஸ் எழுதியிருக்காங்க. அடுத்ததைக் கேளுங்க."

அடுத்ததும் அந்த வரியைப் பற்றித்தான். அதற்கடுத்ததும் அப்படியே. மேசைமேல் குவிந்து கிடந்த வாசகர் கருத்துகளில் எதை எடுத்தாலும், முதல் பாதியில் கதாநாயகனைத் திட்டிவிட்டு, மறுபாதியில் "உள்ள வாங்க" என்ற இரண்டு வார்த்தையில் போய் உருகி நின்றது.

"இந்த ரெண்டு வார்த்தைக்காகவே புத்தகம் ஓடுது சார்" என்றார் பதிப்பாளர். "என்ன இருந்தாலும் ஓவியர் பெரிய ஆள்தான்."

"ஆமா, பெரிய ஆள்தான்" என்றார் பலூன்காரர். அவருடைய தொண்டையிலிருந்து வந்தது அவருக்கே அடையாளம் தெரியாத குரலாக இருந்தது.

அந்த இரண்டு வார்த்தையை ஓவியர் எழுதவில்லை. எழுதியவர் பலூன்காரர். அது உலகத்தில் அவருக்கும் அவர் மனைவிக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். கடவுளாவது பேசாமல் இருப்பார்.

சித்திர நாவலில் ஆட்கள் பேசுவது வெள்ளைக் குமிழுக்குள் வருமில்லையா, அதற்குத் தொழிலில் பலூன் என்று பெயர். படம் வரைவது ஓவியர். பலூனுக்குள் வசனத்தைக் கையால் எழுதுவது இவர். அதனால் பதிப்பகத்தில் எல்லாருக்கும் இவர் பலூன்காரர். ஓவியருக்குக் கணினி எழுத்து பிடிக்காது. இன்னும் சரியாகச் சொன்னால், ஓவியருக்குப் பிடிக்காதவற்றில் கணினி எழுத்தும் ஒன்று. சண்டை போட ஆள் கிடைக்காத நாளில் வெயிலைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பலூன்காரருக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர், ஒரு வசனத்தின் கடைசியில் ஆச்சரியக்குறி ஒன்றைத் தாமாகச் சேர்த்தார். அதோடு சரி. இப்போது அவர் 'லிஃப்ட் பழுது' என்று அட்டை எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நாவலின் பெயர் 'அழைப்புமணி வேலை செய்யாது'. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஒருவன் தன் வீட்டு அழைப்புமணியின் கம்பியைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, ஊரிலுள்ள அத்தனை பேரையும் வெறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கதை. பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் சுவரை இடிப்பான். கீழ் வீட்டுப் பெண் படியோரம் வைக்கும் குழந்தை வண்டியைக் காலால் தள்ளிவிடுவான். செய்வது தப்பு என்று அவனுக்கே தெரியும். தெரிந்த பிறகு இன்னும் கோபமாகச் செய்வான். வாசகர்கள் அவனுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பேனாவைத் தொடும் முன் கண்ணை மூடி ஒரு வரி பிரார்த்தனை சொல்கிறவர் பலூன்காரர். அப்படிப்பட்டவர் பல மாதங்களாக அந்தச் சிடுமூஞ்சியின் வசவுகளை அழகழகாக எழுதிவந்தார். நாளாக ஆக, சாப்பிட உட்காரும்போது அவர் முகமே ஒரு மாதிரி இருக்கிறது என்று மனைவி சொல்லத் தொடங்கினார்.

கடைசிக்கு முந்திய பக்கத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. வெளியே கொட்டும் மழை. சாவியைத் தொலைத்துவிட்ட கீழ் வீட்டுப் பெண், வேறு போக்கிடம் இல்லாமல் சிடுமூஞ்சியின் வாசலில் தெப்பலாக நனைந்து நிற்கிறாள். அவன் கதவைத் திறந்திருக்கிறான். ஒரே ஒரு பலூன். வசனத் தாளில் அதற்கு எழுதியிருந்தது, "போய்த் தொலை." அடுத்த பக்கத்தில் மூடிய கதவு மட்டும். கதை முடிந்தது.

பலூன்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிடுமூஞ்சி கதவை இடுக்காகத் திறந்திருக்கவில்லை. சுவரோடு சுவராகத் தள்ளி, கையால் பிடித்துக்கொண்டிருந்தான். உடம்பை ஒரு பக்கம் ஒதுக்கி நின்றான். விரட்டப்போகிறவன் எவனாவது இப்படி ஒதுங்கி நிற்பானா? கை ஒன்று சொல்ல, வாய் ஒன்று சொல்லுமா? கண்ணை மூடினார், அந்த ஒரு வரியைச் சொன்னார், எழுதிவிட்டார். "உள்ள வாங்க."

நல்லதே செய்தாலும் சொல்லாமல் செய்தால் திருட்டு முழி வந்துவிடும். அந்த முழியோடுதான் இப்போது பதிப்பாளரின் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ஓவியர் சார் இதையெல்லாம் பார்த்துட்டாரா?"

"அவர் எங்க பார்த்தார்? அச்சுக்குக் கொடுத்ததைத் திரும்பத் தொடவே மாட்டாரே. கேட்டா, 'கக்கினதை எவனாவது மறுபடி போய்ப் பார்ப்பானா'ன்னு கேக்கிறார். இந்தக் கருத்தையெல்லாம் இன்னிக்கே அனுப்பிடலாம்னு இருக்கேன்."

பலூன்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார். பாராட்டினால் ஓவியருக்குப் பிடிக்காது, சந்தேகம் வந்து இரண்டாம் பாகத்தையே நிறுத்திவிடுவார் என்று, வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். பதிப்பாளர் தாடையைத் தடவிக்கொண்டே யோசித்தார். யோசித்து, அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, பாராட்டையெல்லாம் விட்டுவிட்டுத் திட்டியிருந்த முதல் பாதிகளை மட்டும் நகலெடுத்து அனுப்பினார்.

அதுதான் வினையாய்ப் போயிற்று. வாசகர்கள் வாய் நிறையத் திட்டியிருந்ததைப் படித்ததும் ஓவியருக்கு இத்தனை காலம் வராத உற்சாகம் வந்துவிட்டது. இவ்வளவு நேர்மையான ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள், நேரில் பார்க்கவேண்டும் என்று கேட்டாராம். நூலகத்தில் வாசகர் வட்டம் இந்த நாவலைப் பற்றிப் பேசக் கூடுகிறது என்றதும், எந்தக் கூட்டத்துக்கும் போகாதவர், தாமே வருவதாக ஒப்புக்கொண்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் வேறு யாருமில்லை, பலூன்காரரேதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"நேரா போய் உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றார் மனைவி. "நல்ல வார்த்தை எழுதினதுக்கு யாராவது கோவிச்சுக்குவாங்களா?"

"ஒரு ஆச்சரியக்குறிக்கே ஒருத்தரை அனுப்பிட்டாரு."

"அவர் ஒரு குறியைச் சேர்த்தார். நீங்க ஒரு மனுஷனைச் சேர்த்திருக்கீங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓவியரிடம் போய்ச் சொல்லப்போவது மனைவி இல்லையே. வேலை போனால் வேறு வேலை வரும். அட்டை எழுதியும் பிழைக்கலாம். ஆனால் அந்த ஓவியரின் கோடுகளுக்குப் பக்கத்தில் தன் எழுத்து இல்லாமல் இரண்டாம் பாகம் வந்தால் அதைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடத் தம்மால் முடியாது என்று பலூன்காரருக்குத் தெரியும். திட்டுகிற ஆள் வரைந்த கோடுதான். ஆனால் அதில் ஒரு வாஞ்சை இருக்கும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஆகவே அவர் இன்னொரு யோசனை செய்தார். மனைவியிடம் சொல்லாமல் செய்த யோசனை என்பதிலிருந்தே அதன் தரம் விளங்கும்.

வாசகர் வட்டத்துக்கென்று நூலகம் இந்த நாவலில் கொஞ்சம் பிரதிகள் வாங்கி, வாசல் பக்கத்து அலமாரியில் தனியாக வைத்திருந்தது. உறுப்பினர்கள் அதைத்தான் மாறி மாறி எடுத்துப் போவார்கள். பலூன்காரர் வெள்ளை மையையும் மெல்லிய தூரிகையையும் தம் பேனாவையும் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு அங்கே போனார். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பிரதியாக எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, "உள்ள வாங்க"வின்மேல் வெள்ளை பூசி, வாயால் ஊதி உலர்த்தி, அதன்மேல் "போய்த் தொலை" என்று எழுதினார். அதே கை, அதே பேனா, அதே சாய்வு. பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. ஒவ்வொரு முறை எழுதி முடித்ததும் அந்தப் படத்துப் பெண்ணிடம் மெல்ல, "மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

நூலகர் அம்மாள் இதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் ஒரே நாவலின் எல்லாப் பிரதியையும் ஒவ்வொன்றாக எடுக்கிறார்; ஒரே பக்கத்தைத் திறக்கிறார்; குனிந்து ஊதுகிறார்; ஏதோ முணுமுணுக்கிறார். இப்படியொரு வாசகரை அவர் தம் உத்தியோக காலத்தில் கண்டதில்லை. நெஞ்சு நெகிழ்ந்துபோய்க் கிட்டே வந்தார். பலூன்காரர் பதறித் தூரிகையை வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

"நீங்க கூட்டத்துக்குக் கண்டிப்பா வரணும். ஓவியருக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார் நூலகர் அம்மாள்.

வாயில் தூரிகையோடு மறுத்துப் பேச முடியாது. தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

வீடு வரும் வழியில்தான் அவருக்கு உறைத்தது. அலமாரியில் இருந்தவற்றைத் திருத்தியாயிற்று. முன்பே எடுத்துப் போனவை வீடுகளில் அல்லவா இருக்கின்றன?

கூட்டத்தன்று வாசிப்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஓவியர் இன்னும் வரவில்லை. அவர் வருவதற்குள் பேச்சைத் தொடங்கிவிடலாம் என்றார் நூலகர் அம்மாள். ஆளுக்கொரு கருத்து வந்தது. சிடுமூஞ்சி அப்படியே தன் மச்சான் என்றார் ஒருவர். அவனைத் திட்டுவதற்கென்றே புத்தகத்தை இரண்டு தடவை படித்ததாகச் சொன்னார் இன்னொருவர். இப்படிப்பட்டவனைக் கதாநாயகனாக வைப்பது சரியா என்று ஒரு வாதம் கிளம்பி, நல்லவனைப் பற்றிப் படிக்க அப்படி என்ன இருக்கிறது என்ற பதிலோடு அடங்கியது.

கருத்து எழுதியனுப்பிய நர்ஸும் வந்திருந்தார். தம் வார்டில் எல்லார்மேலும் எரிந்து விழும் ஒரு நோயாளி இருக்கிறார் என்றும், இந்த நாவலைப் படித்த பிறகு அவரிடம் தாம் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பதாகவும் சொன்னார். "எல்லாம் அந்த 'உள்ள வாங்க' செஞ்ச வேலை" என்று முடித்தார்.

"எந்த உள்ள வாங்க?" என்றார் ஓய்வுபெற்ற கணக்காசிரியர்.

"கடைசியில அவன் சொல்றானே, அது."

"அவன் சொல்றது 'போய்த் தொலை'." கணக்காசிரியர் புத்தகத்தை விரித்துக் காட்டினார். "நான் நேத்துத்தான் எடுத்துட்டுப் போனேன்."

அவர் பக்கத்திலிருந்த அவர் மனைவி தம் புத்தகத்தை விரித்தார். அவர் கூட்டம் அறிவித்த அன்றே எடுத்துப் போனவர். அதில் "உள்ள வாங்க" என்று இருந்தது.

அறையில் சலசலவென்று எல்லாரும் புரட்டினார்கள். பாதிப் பேருக்கு வரவேற்பு. பாதிப் பேருக்கு விரட்டல்.

"இவளுக்கு 'உள்ள வாங்க', எனக்கு 'போய்த் தொலை'யா?" என்றார் கணக்காசிரியர், மனம் நொந்துபோய்.

"புத்தகத்துக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கு" என்றார் மனைவி.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. விரட்டல் கிடைத்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தங்களை மட்டும் ஏன் பொறுக்கி எடுத்து அப்படிச் சொல்லவேண்டும் என்று அவர்கள் ஒரு பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். பலூன்காரர் சமாதானம் செய்யப் பார்த்தார். அச்சில் சில சமயம் இப்படி ஆவதுண்டு, சூடு அதிகமானால் எழுத்து மாறிவிடும் என்று ஏதோ உளறினார். அப்போதுதான் அறைக்குள் வந்த பதிப்பாளரின் காதில் அது விழுந்தது.

தம் அச்சில் குறை என்று யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற பதிப்பாளர் உண்டா? அவர் புத்தகங்களை வாங்கிப் பார்த்தார். இரண்டு விதமாகவும் இருப்பதைக் கண்டு ஒரு கணம் விழித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இது குறையல்ல, ஓவியரின் உத்தி, ஒரே கதைக்கு இரண்டு முடிவு, யாருக்கு எது கிடைக்கும் என்பது அவரவர் கொடுப்பினை என்று அறிவித்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. பலூன்காரருக்குத் தலை சுற்றியது. ஒரு வார்த்தையை மறைக்கப் போய், இப்போது ஓவியர் செய்யாத உத்திக்கு ஓவியரே விளக்கம் சொல்லவேண்டிய இடத்தில் கொண்டுவந்து விட்டாயிற்று.

கைதட்டல் ஓய்ந்ததும், இதுவரை பேசாமல் இருந்த தையல்காரர் எழுந்தார்.

"எனக்கு 'போய்த் தொலை'தான் வந்துச்சு. படிச்சதும் பயமாயிடுச்சு. கடைசி வரைக்கும் இப்படியே இருந்து இப்படியே போயிடுவோமோன்னு. என் தம்பியோட நான் பேசி ரொம்ப நாளாச்சு. உடனே போன் போட்டு, வீட்டுக்கு வாடான்னேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடவுள் எந்த வார்த்தையை வைத்து எந்தக் கதவைத் திறப்பார் என்று யார் கண்டது? நல்ல வார்த்தைக்குத் தாம் ஒருவர்தான் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தது பலூன்காரருக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தார்.

வாசலில் செருமல் கேட்டது. ஓவியர் வந்துவிட்டார். பின்னாலேயே, கையில் பையும் முகத்தில் முன்கூட்டியே ஒரு மன்னிப்புமாக, அவர் தங்கை. ஓவியரின் எழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். அவர் கிறுக்கும் வசனங்களை எழுத்துக்கூட்டிப் படித்து, வசனத் தாளில் முத்து முத்தாக நகலெடுத்துப் பலூன்காரருக்கு அனுப்புவது தங்கைதான். அண்ணன் யாரையாவது வாய்க்கு வந்தபடி பேசினால், பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வருவதும் அவர்தான்.

ஓவியர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பலூன்காரரைப் பார்த்து உறுமலுக்கும் விசாரிப்புக்கும் நடுவில் ஒரு சத்தம் செய்துவிட்டு உட்கார்ந்தார். கணக்காசிரியருக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்து, தமக்கு ஏன் இந்த முடிவு கிடைத்தது என்று கேட்டுவிட்டார்.

அச்சான பின் தம் புத்தகத்தை ஓவியர் அன்றுதான் பார்க்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். விரலால் பலூனைத் தடவினார். முகம் மெல்லச் சிவந்தது.

"இதை யார் எழுதினது?"

பலூன்காரர் எழுந்து நின்றார்.

"ரெண்டையும் நான்தான் சார் எழுதினேன். உங்க தாள்ல 'போய்த் தொலை'ன்னுதான் இருந்தது. எனக்குக் கை வரலை. அவன் அந்தக் கதவைப் பிடிச்சிட்டு ஒதுங்கி நிக்கிறதைப் பார்த்தேன். பார்த்துட்டு, உங்களைக் கேக்காம 'உள்ள வாங்க'ன்னு எழுதிட்டேன். அப்புறம் பயந்துபோய் இங்க இருந்ததிலெல்லாம் உங்க வார்த்தையையே திரும்ப எழுதி வெச்சேன். ரெண்டுமே தப்பு. ரெண்டாம் பாகத்தை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க. அவங்க உங்க கோட்டைக் கெடுக்காம எழுதணும், அது போதும்."

பதிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் பாதி எழுந்து நின்றார், யாராவது மயங்கினால் பிடிப்பதற்கு.

ஓவியர் கத்தவில்லை. கணக்காசிரியர் மனைவியின் புத்தகத்தை வாங்கி, "உள்ள வாங்க" என்ற பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். கதவையும், அதைப் பிடித்திருந்த கையையும், ஒதுங்கிய உடம்பையும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் யாரும் கண்டிராத ஒரு குழப்பம்.

"என் தாள்லயா?" என்றார், மிகவும் மெதுவாக. "என் தாள்ல அப்படியா இருந்தது?"

பின்னால் நின்றிருந்த தங்கை பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதேண்ணா. நீ எழுதியிருந்தது 'உள்ள வாங்க'தான். நீயாவது அப்படி எழுதுறதாவது, ஏதோ ஞாபகத்துல கை தவறி எழுதிட்டேன்னு நினைச்சு, நான்தான் 'போய்த் தொலை'ன்னு மாத்திக் கொடுத்தேன்."